மழைமலையில் பாலைவன ரோஜா: முதல் செடி வாங்குகிறவர்களுக்கு

"டெசர்ட் ரோஸ் ஒன்னு வாங்கி வச்சேன், அழுகிப்போச்சு." இலங்கை மலைநாட்டில் அட்டன், டிக்கோயா, தலவாக்கலைப் பக்கம் பூச்செடி வளர்க்கிற யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இது வராமல் இருக்காது. காய்ந்து செத்தது என்று சொன்ன ஒருவரைக்கூட நான் கண்டதில்லை. யூடியூபில் கிடைக்கிற குறிப்புகளில் பாதிக்கு மேல் மதுரை வெயிலையோ தாய்லாந்து வெயிலையோ மனதில் வைத்துச் சொன்னவை. எப்போது தண்ணீர் ஊற்றுவது என்று அவர்கள் சொல்லித்தருகிறார்கள். தண்ணீர் உள்ளே போகாமல் எப்படித் தடுப்பது என்பதுதான் நம் பிரச்சினை. அதனால் இந்தக் கட்டுரையில் முக்கால்வாசி மழையைப் பற்றியதாகவே இருக்கும்.

செடியின் பெயர் அடினியம். பாலைவன ரோஜா என்று சொன்னாலும் ரோஜாவுக்கும் இதற்கும் உறவில்லை; அரளியும் கோயில் வாசலில் நிற்கிற அரலியாவும்தான் இதன் சொந்தக்காரர்கள். செனகலில் தொடங்கி சூடான், சோமாலியா, கென்யா வரையும், கடலைத் தாண்டி யேமன், ஓமான், சவூதியிலும் காட்டுச் செடியாகவே வளர்கிறது. அடி பருத்துக் கிழங்காகித் தண்ணீரைச் சேமித்துக்கொள்ளும். மழை இல்லாத மாதங்களில் இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்கும்.

ஓமானுக்கு வேலைக்குப் போய் சலாலாப் பக்கம் இருந்து வந்தவர்கள் நம் ஊரில் உண்டு. அங்கேயுள்ள தோஃபார் மலைகளில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மூடுபனியும் தூறலும்தான். நமக்கு மழை கொண்டுவருகிற அதே தென்மேற்குப் பருவக்காற்றின் வேலை அது. அந்த மலைச் சரிவுகளிலும் அடினியம் நிற்கிறது, அழுகுவதில்லை. அது வேர்விட்டிருப்பது கல் இடுக்கில். விழுந்த தண்ணீர் அங்கே தங்க இடமில்லை, சூடான கல் சீக்கிரம் காய்ந்தும் விடுகிறது. நம் தேயிலை மண்ணில் விழுந்த மழை வாரக்கணக்கில் நிற்கும். ஈரத்தையும் இந்தச் செடி ஓரளவு தாங்கும், குளிரையும் ஓரளவு தாங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் வேரைப் பிடித்தால்தான் தாங்காது.

உங்கள் வீடு மலையின் எந்தப் பக்கம்?

செடி வாங்கப் போகுமுன் இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். மலைநாடு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் வட்டவளையில் ஆண்டு மழை 5000 மில்லிமீற்றரை ஒட்டி இருக்கும், பதுளையில் 1800 அளவில். பெய்கிற மாதமும் வேறு.

மேற்குச் சரிவுக்காரர்கள் — கினிகத்தேனை, வட்டவளை, அட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை — மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நனைகிறோம். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல வெயில், ஆனால் இரவில் கடுங்குளிர். டிம்புளப் பக்கத் தேயிலைக்கு அதுதான் குவாலிட்டி சீசன், ஆண்டின் மிகத் தரமான தேயிலை கிடைக்கிற காலம். பனியும் வெயிலும் மாறிமாறி அடிக்கும். அட்டன் சுமார் 1270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இரவு வெப்பம் தொடர்ந்து 15 பாகைக்குக் கீழே போனால் அடினியம் வளர்வதை நிறுத்திக்கொள்ளும், இலையும் கொட்டும். ஜனவரியில் அட்டனில் அப்படி நடந்தால் பயப்பட வேண்டாம், செடி தூங்குகிறது. உங்களுக்குக் கிடைக்கிற நல்ல வளர்ச்சிக் காலம் மார்ச் தொடங்கி மே நடுப்பகுதி வரை. அக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை இருக்கும், காலையில் வெயிலும் இருக்கும். கூரைக்குக் கீழே வைத்தால் அதுவும் பரவாயில்லாத காலம்தான்.

கிழக்குச் சரிவு — பதுளை, பசறை, லுணுகலை, ஹாலிஎல, பண்டாரவளை, வெலிமடை. உங்களுக்கு மழை அக்டோபரில் பிடித்து ஜனவரி வரை விடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றும் வறட்சியும். மேற்கே மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டி வருகிற அந்தக் காற்றையே மட்டக்களப்பார் கச்சான் என்பார்கள். தேயிலைக்கு அப்போது ஊவா குவாலிட்டி சீசன், அடினியத்துக்குப் பூச் சீசன். உண்மையைச் சொன்னால் இந்தச் செடியை வளர்க்க மலைநாட்டில் பதுளையை விட நல்ல ஊர் கொஞ்சம்தான்: சுமார் 680 மீற்றர் உயரம், நீண்ட வறட்சி, சூடான பள்ளத்தாக்கு. பண்டாரவளை, வெலிமடைக்காரர்கள் மட்டும் டிசம்பர், ஜனவரியில் கவனமாக இருக்க வேண்டும். மழையும் குளிரும் சேர்ந்து வருவது அந்த இரண்டு மாதமும்தான்.

கண்டி, கம்பளை, மாத்தளைக்காரர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூரைக்குக் கீழே வையுங்கள், போதும். நுவரெலியா, கந்தப்பளை, இராகலை பற்றிக் கடைசியில் வருகிறேன்.

வாங்கும்போது

மேற்குச் சரிவானால் பெப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ வாங்குங்கள். கிழக்கானால் மார்ச்சிலிருந்து ஜூன் வரை எப்போதும் வாங்கலாம். மழைக்காலத்தில் பூவைப் பார்த்து மயங்கி வாங்கினால் அந்தச் செடி நம் வீட்டுக்கு வந்து புது வேர் விடுவதற்குள் குளிர் பிடித்துக்கொள்ளும்.

கடையில் பூவைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் அடிக்கிழங்கை விரலால் அமுக்குங்கள். சந்தையில் உருளைக்கிழங்கைத் தெரிகிற மாதிரிதான்: கல்லாக இருந்தால் எடுக்கலாம், ஒரு பக்கம் மட்டும் அமுங்கினால் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். சுற்றிலும் சமமாகக் கொஞ்சம் தளர்ந்திருந்து மண்ணும் காய்ந்திருந்தால் அது தாகம், சரியாகிவிடும். அடுத்து, செடியை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். மண்ணோடு சேர்ந்து ஆடினால் வேர் இருக்கிறது. செடி மட்டும் தனியாக ஆடினால் யாரோ நேற்றுக் குத்திவைத்தது. "அக்கா, இது ஒட்டா, விதையா?" என்றும் கேட்டுவிடுங்கள். அடுக்குப் பூ, கறுஞ்சிவப்பு, மஞ்சள் எல்லாம் பெரும்பாலும் ஒட்டுச்செடிதான். ஒட்டு வைத்த இடத்தில் கறுப்போ பிளவோ இருக்கக்கூடாது. விதைச்செடியின் பூ சாதாரண இளஞ்சிவப்பாக, ஐந்து இதழோடு இருக்கும், செடி தாக்குப்பிடிக்கும். முதல் செடிக்கு விதைச்செடியே போதும் என்பது என் கட்சி. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய அடுக்குப் பூச்செடியை வைத்துக்கொண்டு மழையைப் படிக்கத் தொடங்குவது வீண் நெஞ்சுவலி.

மலைக்கு வருகிற செடிகளில் பெரும்பாலானவை கீழ்நாட்டில் வளர்ந்தவை. கொண்டுவந்த அன்றே வெளியில் வைக்காதீர்கள். இரண்டு வாரமாவது கூரைக்குக் கீழே, காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் வைத்துப் பழக்குங்கள். அதற்குள் பாதி இலை கொட்டும். கொட்டட்டும்.

சாடியும் கலவையும்

நிலத்தில் நடாதீர்கள். மாத்தளையிலோ பதுளையிலோ மேட்டுப்பாத்தி கட்டிக் கல் நிரப்பி நட்டு வெற்றிகண்டவர்கள் இருக்கலாம், தொடங்குகிறவர்களுக்குச் சாடிதான். மழை வந்தால் தூக்கி உள்ளே வைக்கலாம் என்பதே அதன் பெரிய இலாபம்.

அகலமான, ஆழம் குறைந்த மண்சாடி நல்லது. மண்சாடியின் சுவரே ஈரத்தை வெளியே விடும். கிழங்கின் சுற்றளவுக்கு வெளியே நாலு விரல் இடம் இருந்தால் போதும். "பிறகு பெரிசாகும்தானே" என்று பெரிய சாடி வைத்தால் வேர் எட்டாத மண்ணில் தண்ணீர் தங்கி அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும். அடியில் ஒரு துளை போதாது, நாலைந்து வேண்டும். பிளாஸ்டிக் சாடியானால் ஆணியைச் சுடவைத்துக் குத்திக்கொள்ளலாம். சாடிக்குக் கீழே தட்டு வைக்கவே வேண்டாம். செடிக்கும் கேடு, பி.எச்.ஐ. மாத்தயா (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) டெங்குக் குடம்பி தேடி வருகிற நாளில் உங்களுக்கும் கேடு.

இனிக் கலவை. தேயிலை மண்ணை அப்படியே அள்ளிப் போடுவதுதான் நம் பக்கத்தில் நடக்கிற முதல் தவறு. அது களியும் புளிப்பும் சேர்ந்த மண். தேயிலைக்கு அந்தப் புளிப்பு வேண்டும், அடினியத்துக்கு வேண்டாம். மேற்குச் சரிவுக்கு நான் சொல்லும் அளவு இது: மூன்று பங்கு சல்லி, ஒரு பங்கு உமிக்கரி, ஒரு பங்கு நன்றாக மக்கிய கூட்டெரு. கிழக்குச் சரிவிலும் கண்டியிலும் சல்லியை இரண்டு பங்காகக் குறைத்து, அரைப் பங்கு தும்புத்தூள் சேர்க்கலாம். இல்லாவிட்டால் கச்சான் மாதங்களில் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டிவரும். சல்லி என்றால் வீடு கட்டுகிற பெரிய சல்லி இல்லை. கொத்தமல்லி முதல் கடலை வரையான அளவு. கல்லுடைக்கிற இடங்களில் சிப்ஸ் என்று கேட்டால் தருவார்கள். கிடைக்காதவர்கள் உடைந்த செங்கல்லையோ ஓட்டையோ இடித்துக்கொள்ளுங்கள், அது இன்னும் நல்லது.

இரண்டு விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஒன்று, தூள். சல்லியைச் சல்லடையில் அரித்துத் தூளைக் கொட்டிவிட்டுக் கல்லைத் தண்ணீரில் அலசிப் போடுங்கள். தூளோடு போட்டால் இரண்டு மாதத்தில் அடியில் சீமெந்தாக இறுகிவிடும். இரண்டாவது, மெல்லிய மணல். மணல் என்றால் தண்ணீர் வடியும் என்று நினைக்கிறோம். பூச்சு மணல் வடிக்காது, பிடித்துவைக்கும். கவ்வாத்து முடிந்த தேயிலை மலையில் போடுகிற டொலமைட் ஒரு தேக்கரண்டி கிடைத்தால் ஒரு சாடிக்குக் கலந்துவிடுங்கள், புளிப்புக் குறையும்.

கலந்து முடித்ததும் சோதனை. வெறும் சாடியில் கலவையை நிரப்பி ஒரு கோப்பைத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றுங்கள். மேலே குளமாகத் தேங்காமல் அப்படியே இறங்கி, பத்து எண்ணுவதற்குள் அடியால் ஓட வேண்டும். தேங்கினால் இன்னும் கல் சேருங்கள்.

நடும்போது பழைய மண்ணை வேரிலிருந்து உதிர்த்துவிடுங்கள். கீழ்நாட்டு நேர்சரிகளிலிருந்து வருகிறவை பெரும்பாலும் தனித் தும்புத்தூளில் இருக்கும், அதை விட்டுவைத்தால் நடுவில் ஈரப் பஞ்சாக நின்றுவிடும். வேர் ஏதாவது ஒடிந்திருந்தால் நேராக வெட்டிவிட்டு மூன்று நாள் செடியை நிழலில் காயப்போட்டுப் பிறகு நடுங்கள். நட்ட பிறகு ஒரு வாரம் தண்ணீர் ஊற்றாதீர்கள். நட்டதும் தண்ணீர் ஊற்றுவது நம் கைப்பழக்கம். இந்தச் செடிக்கு மட்டும் அதை அடக்கிக்கொள்ள வேண்டும். காயம் ஆறாத வேரில் ஈரம் பட்டால் அங்கேயே வேலை முடிந்தது.

எங்கே வைப்பது

நாம் இருப்பது வட அகலக்கோடு 7 பாகையில். ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் நம் உச்சிக்கு மேல் வந்து வடக்கே நகர்கிறது. செப்டம்பர் முதல் வாரத்தில் திரும்பிவந்து தெற்கே போகிறது. மேற்குச் சரிவில் மழை தென்மேற்கிலிருந்து சாய்ந்து அடிக்கிற மே முதல் ஓகஸ்ட் வரை, வெயில் வடக்கிலிருந்து விழுகிறது. ஆக அந்த மாதங்களில் சாடியை வீட்டின் வடகிழக்குச் சுவர் பக்கம் கொண்டுபோங்கள்: வீடே குடையாகும், கிடைக்கிற கொஞ்ச வெயிலும் அங்கேதான் விழும். கிழக்குச் சரிவில் இது தலைகீழ். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை வடகிழக்கிலிருந்து, வெயில் தெற்கிலிருந்து. சாடியைத் தென்மேற்குச் சுவருக்கு மாற்றுங்கள். வருடத்துக்கு இரண்டுமுறை சாடியைத் தூக்கிவைக்கிற இந்த வேலை, கடையில் வாங்குகிற எந்த மருந்தையும் விடப் பலன் தரும்.

நம் மலைகளில் பின்னேரம் மூடம் இறங்கிவிடும். அதனால் காலை வெயில் எத்தனை மணிக்குச் சாடியில் விழுகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். எதிர்மலை உயரமாக இருந்தால் ஒன்பது மணிவரை நிழல்தான். ஐந்து மணிநேர வெயிலாவது இல்லாத இடத்தில் செடி பிழைக்கும், பூக்காது. கொம்பு நீண்டு சாயும்.

தோட்ட லயத்தில் இருப்பவர்களுக்கு இஸ்தோப்பு (முன் திண்ணை) ஓரம்தான் இடம். அதில் ஒரு சிக்கல்: தகரத்திலிருந்து கொட்டுகிற தண்ணீர் நேராக அந்த வரிசையில்தான் விழும், தெறிக்கவும் செய்யும். பீலி பொருத்தாத கூரையானால் சாடியை ஒரு கட்டையின்மேல் தூக்கி, தண்ணீர் விழுகிற கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே வையுங்கள். வீட்டுக்குப் பின்னால் கல்கட்டு இருந்து, அதில் வெயில் படுமானால் அதை ஒட்டி நாலு கம்பு நட்டு, வெளிச்சம் புகும் பிளாஸ்டிக் தகட்டை மேலே சாய்த்துக் கட்டலாம். பகல் முழுக்கச் சூடேறிய கல் இரவில் அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். பக்கங்களை மூடாதீர்கள், காற்று ஓட வேண்டும். மரக்கறித் தோட்டத்துப் பொலித்தீன் கூடாரம் உள்ளவர்கள் அதன் ஓரத்தில் வைக்கலாம், தெளிப்பான் எட்டாத இடமாகப் பார்த்து.

தண்ணீர்

நாள் கணக்கு வைக்காதீர்கள். "வாரத்துக்கு இரண்டு தடவை" என்று யாராவது சொன்னால் அவருடைய ஊர் எது என்று கேளுங்கள்.

சாடியைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றிய அன்று எவ்வளவு பாரம், காய்ந்த பிறகு எவ்வளவு பாரம் என்பதைக் கை இரண்டு மூன்று தடவையில் கற்றுக்கொள்ளும். தூக்க முடியாத சாடியானால் ஈர்க்குக் குச்சியொன்றை அடிவரை செருகி, கொஞ்ச நேரம் கழித்து இழுத்துப் பாருங்கள். குச்சி காய்ந்து வந்தால் ஊற்றலாம். ஊற்றினால் அடியால் ஓடும்வரை ஊற்றுங்கள், காலையில் மட்டும். மேலாக நனைக்கிற அரைகுறைத் தண்ணீரால் வேர் மேலேயே சுற்றும்.

இலை இருக்கிறது, புதுத் துளிர் வருகிறது, வெயில் அடிக்கிறது — இந்த மூன்றும் சேர்ந்தால் தாராளமாக ஊற்றலாம். பாலைவனச் செடி என்பதற்காகப் பதுளையில் ஓகஸ்ட் மாதம் பட்டினி போடாதீர்கள். அந்தக் காற்றில் சாடி இரண்டு நாளில் காய்ந்துவிடும். இலை மஞ்சளாகி உதிரத் தொடங்கினால் குறையுங்கள். இலையே இல்லாமல் நின்றால் நிறுத்துங்கள். அட்டனில் மொட்டையாக நிற்கும் செடிக்கு ஜனவரி முழுக்க ஒரு சொட்டுக்கூட வேண்டாம். கிழங்கு மிகவும் சுருங்கினால் வெயிலான காலையில் அரைக் கோப்பை கொடுக்கலாம். மார்ச்சில் நுனியில் பச்சை தெரிந்த பிறகு மெல்ல மெல்லத் தொடங்குங்கள்.

ஜூலை மாதம் மேற்குச் சரிவில் இன்னொன்று நடக்கும். கூரைக்குக் கீழேதான் சாடி, நீங்கள் ஊற்றவும் இல்லை, ஆனாலும் மண் காயவே காயாது. காற்றில் இருக்கிற ஈரமே போதுமாக இருக்கும். அப்போது சாடியின் மேற்பரப்பை இரண்டு விரல் ஆழத்துக்குக் கிளறி, வெறும் சல்லியால் மூடுங்கள். கிழங்கின் கழுத்தாவது காய்ந்திருக்கும்.

பசளை, கவ்வாத்து

பசளையில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துளிர் வருகிற மாதங்களில் அல்பர்ட் பசளையை, பொதியில் எழுதியிருக்கிற அளவில் பாதியாகக் கரைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. தேயிலைக்குப் போடுகிற யூரியாவைப் போட்டால் இலை தளதளவென்று வரும், பூ வராது, கிழங்கு ஊதி மிருதுவாகும், அழுகலுக்கு வாசல் திறந்துவிடும். தூங்குகிற செடிக்கு எதுவும் போடாதீர்கள்.

கவ்வாத்து நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை. வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று கொம்பு கிளைக்கும், புதுக் கொம்பின் நுனியில்தான் பூ வரும், அவ்வளவுதான். காலம் மட்டும் முக்கியம்: மேற்கில் மார்ச் தொடக்கம், கிழக்கில் பெப்ரவரி கடைசி. வெட்டுவாயில் கறுவாத்தூள் தடவிவிட்டு, காயும்வரை நனையாமல் பாருங்கள். ஒட்டுச்செடியில் ஒட்டுக்குக் கீழே முளைக்கிற கொம்பைக் கண்டவுடன் கிள்ளிவிடுங்கள். விட்டால் அதுதான் ஜெயிக்கும், அடுக்குப் பூவுக்குக் கொடுத்த காசு போய்விடும்.

அழுகல் வந்துவிட்டால்

மண் ஈரமாக இருக்கும்போதே இலை மஞ்சளானால் சந்தேகப்படுங்கள். கிழங்கை நாலு பக்கமும் அமுக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் குழைந்து, தோல் கபிலமாகி, அமுக்கினால் நீர் கசிந்தால் அழுகல்தான். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

செடியைப் பிடுங்கி மண் முழுவதையும் கழுவுங்கள். கூரான கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து அல்லது நெருப்பில் காட்டி, குழைந்த இடத்தை வெட்டத் தொடங்குங்கள். நல்ல சதை வெள்ளையாக, பச்சை மாங்காய்த் துண்டின் இறுக்கத்தோடு, பால் கசிந்தபடி இருக்கும். கெட்ட சதை கபிலமாக, நார் நாராகப் பிரியும், புளித்த வாடை அடிக்கும். கவனிக்க வேண்டியது இரண்டுக்கும் நடுவில்: வெள்ளைச் சதைக்குள்ளே மெல்லிய கபிலக் கோடு ஓடினால் இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை மறுபடி துடைத்துக்கொண்டு அந்தக் கோடு மறையும்வரை வெட்டுங்கள். பாதிக் கிழங்கு போனாலும் பரவாயில்லை. வேரே இல்லாமல் கோப்பை அளவுக் கட்டை மிஞ்சினாலும் பிழைக்கும். இரக்கப்பட்டு ஒரு கோட்டை விட்டால் மொத்தமும் போகும்.

வெட்டிய முகத்தில் கறுவாத்தூளோ பங்கசு நாசினித் தூளோ பூசி, காற்றோட்டமான, மழைபடாத இடத்தில் தொங்கவிடுங்கள். கீழ்நாட்டில் ஒரு வாரம் போதும் என்பார்கள்; நம் ஈரக் காற்றில் இரண்டு வாரம் எடுக்கும். விறகடுப்பு உள்ள வீடானால் அடுப்படிப் பரணில், சூடு நேராகப் படாத மூலையில் தொங்கவிடலாம். வெட்டிய முகம் தோல்கட்டி, தட்டினால் கட்டைச் சத்தம் வந்த பிறகு உலர்ந்த சல்லியில் நிறுத்தி வையுங்கள். புது வேர் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். நடுவில் எடுத்தெடுத்துப் பார்க்காதீர்கள். துளிர் தெரிந்த பிறகே தண்ணீர்.

பூச்சிகளில் மூன்றைத் தெரிந்துவைத்தால் போதும். கொம்பு இடுக்கில் வெள்ளைப் பஞ்சாக இருப்பது மாவுப்பூச்சி. பல்துலக்கும் தூரிகையை ஸ்பிரிட்டில் தோய்த்துத் தேய்த்தால் போகும். வறண்ட மாதங்களில் இலை வெளிறி அடியில் மெல்லிய வலை தெரிந்தால் சிற்றுண்ணி, தேயிலையில் வருகிற சிவப்புச் சிலந்தியின் வகையறா; சவர்க்காரத் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள், வெயில் ஏறுமுன். மூன்றாவது, விரல் தடிமனான பச்சைப் புழு. தலைப்பக்கம் நீலப் புள்ளி இரண்டு, வாலில் ஒரு கொம்பு. அரளியைத் தின்கிற அதே புழுதான். ஒரே இரவில் செடியை மொட்டையாக்கும். கையால் எடுத்துத் தூரப்போடுங்கள், மருந்து வேண்டாம்.

பால் நஞ்சு

செடியின் எல்லாப் பாகத்திலும் நஞ்சு இருக்கிறது. இதயத் துடிப்பைக் குழப்புகிற வகை. ஆப்பிரிக்காவில் வேட்டைக்காரர்கள் அம்பு நுனியில் பூசியது இந்தப் பாலைத்தான். வெட்டும்போது கையுறை போடுங்கள், இல்லாவிட்டால் வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், அதுவரை கண்ணைத் தொடாதீர்கள். கவ்வாத்துக் குப்பையைப் புல்லறுக்கிற இடத்திலோ மாட்டுக்கொட்டில் பக்கமோ போடக்கூடாது. வாடிய இலையையும் ஆடு, மாடு தின்றால் ஆபத்து. தவழும் பிள்ளை இருக்கிற வீட்டில் இஸ்தோப்புத் தரையில் வைக்காதீர்கள், உயரத்தில் வையுங்கள். யாராவது வாயில் வைத்துவிட்டால் கைமருத்துவம் பார்க்காமல் செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

விதையும் தடியும்

காய் பிடித்தால் இரட்டைக் கொம்பாக நீளும். முற்றினால் வெடித்து, இரு நுனியிலும் பஞ்சு வைத்த விதைகள் காற்றில் போய்விடும். அதனால் நிறம் மாறும்போதே நூலால் சுற்றிக் கட்டிவிடுங்கள். விதை புதிதாக இருக்கும்போதே போட வேண்டும். துளையிட்ட யோகட் கோப்பையில் சம அளவு மணலும் தும்புத்தூளும் நிரப்பி, விதையைப் படுக்கவைத்து, மேலே மெல்லியதாகத் தூவுங்கள். முளைக்கச் சூடு வேண்டும். 27 பாகைக்கு மேலிருந்தால் ஒரு வாரத்தில் முளைக்கும். நம் வீட்டில் அந்தச் சூடு இருக்கிற ஒரே இடம் அடுப்படி. முளைத்த அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். முதல் கிழங்கு விரல் தடிமனாவதற்குள் ஒரு குளிர்காலம் வந்துவிடக்கூடாது, ஆகவே மார்ச்சில் போடுங்கள்.

கவ்வாத்தில் வெட்டிய தடியையும் ஒரு வாரம் காயவைத்து நட்டால் வேர்விடும். விதைச்செடியின் வட்டக் கிழங்கு அதற்கு எளிதில் அமையாது, ஆனால் பூக்கும். பக்கத்து வீட்டு மாமி கேட்டால் கொடுக்க அது போதும்.

நுவரெலியாக்காரர்களுக்கு

வேண்டாம் என்றே சொல்வேன். நுவரெலியா 1868 மீற்றர். ஆண்டின் சராசரி வெப்பமே 16 பாகையை ஒட்டித்தான் இருக்கும், ஜனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி விழுகிறது. 5 பாகைக்குக் கீழே அடினியத்தின் திசு செத்துப்போகும். வெயில் விழுகிற கண்ணாடி ஜன்னலுக்குள்ளே வைத்து உயிரோடு காப்பாற்றலாம். பூவை எதிர்பார்க்க முடியாது.

அதற்குப் பதிலாக எக்கிவேரியா வாங்குங்கள். ரோஜா வடிவில் இலை அடுக்கிய, சாம்பல் நீலத்திலும் ஊதாவிலும் வருகிற அந்தச் சின்னச் செடி மெக்சிக்கோ மலைகளிலிருந்து வந்தது, குளிரிரவு அதற்குப் பழக்கம். குளிரில் நிறம் இன்னும் ஏறும். ஆனைக்கற்றாழையும் நிற்கும், முள்ளுக்கு இடம் விட்டு வைத்தால். இரண்டுக்கும் மேலே சொன்ன மேற்குச் சரிவுக் கலவையும் கூரையும் அப்படியே பொருந்தும். எக்கிவேரியாவின் இலைக் குழிக்குள் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள். சாடியின் ஓரமாக ஊற்றுங்கள்.